ஆறாம் விதியில் ஒட்டிய சிவப்பு அம்பு

மண்ணரை, திருப்பூர்
12 ஜூலை 2025, சனிக்கிழமை

அன்புள்ள மைதிலி,

புத்தகப் பெட்டியை ஆரோக்கியராஜ் அண்ணனின் டெம்போவில் ஏற்றிவிட்டேன். உங்கள் மில்லில் இருந்து நூல் மூட்டைகளைக் கொண்டுவந்து இங்கே நிட்டிங் கம்பெனியில் இறக்கியபின் வண்டி பொங்கலூருக்குக் காலியாகத்தான் திரும்புகிறது. ஒரு அட்டைப்பெட்டிக்கு இடம் இருக்காதா என்று கேட்டேன். "எம்மா, நூலுக்குப் பில்லு இருக்கு. நடுவுல நிப்பாட்டி இது என்ன பெட்டின்னு கேட்டா நான் எதக் காட்ட?" என்றார். அச்சடித்த புத்தகத்துக்கு வரியே கிடையாது என்றேன். "நீ சொல்லுத. அவன் நம்பணும்லா" என்றார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார். இனி சனிக்கிழமைதோறும் பெட்டி போய்வரும்.

ஆக, நம் மண்ணரை மாணவியர் வாசகர் வட்டத்துக்கு இன்று முதல் பொங்கலூரில் ஒரு கிளை. நீதான் செயலாளர். ஒன்பதாம் வகுப்பில் நாம் இருவரும் காம்பவுண்டு மாடிப்படியில் உட்கார்ந்து வட்டத்தைத் தொடங்கியபோது கிளை என்ற சொல் நம் மனதில் வந்ததா? நீ ஊர் மாறியதால் வந்த ஒரே நன்மை இது. மற்றதைப் பற்றி எழுதமாட்டேன். நாங்கள் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்த வாரத்தில் உன் அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது, உடனே கிளம்பவேண்டியிருந்தது, எல்லாம் புரிகிறது. திரும்பி வந்ததும் உங்கள் வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விதிகளைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். வட்டத்தின் காரியங்கள் எழுத்தில்தான் நடக்கவேண்டும் என்பது இரண்டாம் விதி. அது நல்லதுதான். அம்மாவின் போனில் நான் பேசினால் அம்மாவும் சேர்ந்து பேசுகிறாள்.

இன்னொன்று. ஆகஸ்டில் மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி. தலைப்பு, மாநில உரிமைகளும் அரசியலமைப்புத் திருத்தமும். நம் குடிமையியல் பாடத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் வந்து போகவே மாட்டேன் என்கிறது. ஒன்றிய அரசிடம் அதிகாரம் கூடிவிட்டது என்று ஒரு மாநிலம் நினைக்கிறது. அதைக் குறைக்கும் திருத்தத்தை அந்த மாநிலமே கொண்டுவர முடியுமா? உனக்கு என்ன தோன்றுகிறது? நீ எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவாய். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
அபிராமி (தலைவி)


பொங்கலூர்
19 ஜூலை 2025

அபி,

பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கல், உள்ளே யாருக்கும் காயமில்லை. ஏற்றுமதிப் பெட்டியைப் பார்த்ததும் அம்மா, "ஏங்கண்ணு, பனியன் சாம்பிளா வந்துருக்குது? அப்பனுக்கு ஒண்ணு எடுத்து வைய்யி" என்றாள். திறந்து பார்த்துவிட்டு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மில் குடியிருப்பில் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ரஷ்மிதா என்று ஒரு எட்டாம் வகுப்புக்காரி, ஒடிசாவில் இருந்து வந்தவள். தமிழை எழுத்து எழுத்தாகத் தொட்டுத்தான் படிப்பாள். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் எங்களில் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. ஊரில் இருந்து கொண்டுவந்த ஒரே ஒரு ஒடியாக் கதைப் புத்தகம் வைத்திருக்கிறாள். அட்டையில் முதலை. அந்த முதலைக் கதையை அரைகுறைத் தமிழில் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது, வீட்டுக்கு ரேஷன் வாங்கவும் நான் போகவில்லை, திட்டு வாங்கினேன். அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "மண்ணரையில நம்ம ஊருப் பிள்ளைங்க நெறைய இருக்காங்க அக்கா, அவங்க படிக்கட்டும்" என்று அவளே தந்தாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். முடியும் என்றுதான் நினைக்கிறேன். முடியாது என்றால் என்ன செய்வது? அதிகாரம் வைத்திருப்பவரிடமே போய் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதா? எந்த ஊரில் நடக்கும்?

பூட்டைப் பற்றி: நாங்கள் கிளம்பிய அன்று உங்கள் வீட்டிலும் பூட்டுத்தான் தொங்கியது. பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

மைதிலி


மண்ணரை
26 ஜூலை 2025

அன்புள்ள மைதிலி,

முடியாது! நூலகத்தில் அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். உறுப்பு 368. திருத்தத்தை நாடாளுமன்றத்தில் மட்டுமே தொடங்க முடியும். ஒரு மாநிலச் சட்டப்பேரவை முழுவதும் ஒரே குரலில் கேட்டாலும் அது தீர்மானம்தான், கோரிக்கைதான். எந்த ஊரில் நடக்கும் என்று கேட்டாயே, நம் ஊரில்தான்.

ஆனால் வேடிக்கையைக் கேள். எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரித்துவைத்திருக்கும் பட்டியல்களை மாற்றவேண்டுமானால் நாடாளுமன்றம் மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலங்களின் பேரவைகள் ஒப்புதல் தரவேண்டும். ஜி.எஸ்.டி. வந்தபோதும் அப்படித்தான் ஒப்புதல் வாங்கினார்கள். அதாவது மாநிலங்கள் முடிக்கலாம், தொடங்க முடியாது. வாசலில் நின்று கதவைச் சாத்த உரிமை உண்டு, திறக்க உரிமை இல்லை. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில்தான் இருந்திருக்கிறது. நாற்பத்திரண்டாம் திருத்தம் அதை இருவருக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றியது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று நம் மாநிலம் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வேறு மாதிரி. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் கேட்டால் திருத்தத்துக்காக ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆகவேண்டுமாம். ஆனால் அந்த வழியில் இதுவரை ஒரு மாநாடுகூட நடக்கவில்லை! வழி இருந்தும் ஏன் யாரும் நடக்கவில்லை என்று யோசித்து யோசித்துக் கணக்கு வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டேன்.

ஒரு சிறு விஷயம். முதலைப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். புரட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் குடை பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் அழகாக இருக்கிறது. ஆனால் தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் என்பது மூன்றாம் விதி. வட்டத்துக்கு எந்தப் புத்தகம் என்பதை மண்ணரைக் கூட்டம் முடிவு செய்யும் என்பது ஐந்தாம் விதி. எங்களால் படிக்கமுடியாத புத்தகத்தை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது? ரஷ்மிதாவிடம் என் நன்றியைச் சொல். எதைத் திருப்புகிறேன் என்று உனக்கு உடனே தெரிய அடையாளம் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அபிராமி


பொங்கலூர்
2 ஆகஸ்ட் 2025

தலைவி அவர்களுக்கு,

நீங்கள் ஒட்டிய அடையாளத்தைப் பார்த்தோம். சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பின் முனை ஒடியா எழுத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

ரஷ்மிதாவின் அம்மா இங்கே வருவதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். உன் அம்மா செய்கிற அதே வேலை. துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு எங்கே இருந்தாலும் அங்கே அந்த அம்பை ஒட்டுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம புக்கு டேமேஜா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ரஷ்மிதா சிரிக்கவில்லை. இந்த வாரம் அவள் வரவும் இல்லை. கூப்பிடப் போனேன். "தலை வலிக்குது அக்கா" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

மூன்றாம் விதியை மாற்றவேண்டும் என்று மற்ற எட்டுப் பேரும் சொல்கிறோம். மூடியைத் திறந்து ஆறாம் விதியைப் படித்தேன். "விதிகளை மாற்ற வேண்டுமானால் மண்ணரையில் நேரில் கூடிய கூட்டத்தில், வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும்." நேரில். மண்ணரையில். பல்லடத்தில் பஸ் மாறி நாங்கள் வரவேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அத்தன தொலவு புள்ளைகளத் தனியா அனுப்பறதா? நல்ல கதையா இருக்குது போ கண்ணு" என்றுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒன்பது பேர் நாங்கள். ஆறு பேர் நீங்கள். எங்களால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது.

இப்படிக்கு,
மைதிலி, கிளைச் செயலாளர்


மண்ணரை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மைதிலி,

அம்புக்காக ரஷ்மிதாவிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நீயே பார்த்திருக்கிறாய், வீட்டில் அம்மா வைத்திருக்கும் ஸ்டிக்கர்களை நான் எல்லாவற்றிலும் ஒட்டுவேன். என் அகராதியில் ஒட்டாத பக்கம் இல்லை. பார்த்துப் பார்த்து அது எனக்கு வெறும் அம்பாகிவிட்டது. நான் செய்தது தவறு.

ஆனால் விதி வேறு, அம்பு வேறு. நினைத்தவர் நினைத்த இடத்தில் இருந்து மாற்றினால் அது விதியா? நம் வட்டம் ஒரு நாடு இல்லை மைதிலி. புத்தகங்கள் எல்லாம் இங்கே சேர்த்தவை. தொலைந்தால் யார் பொறுப்பு என்று மதுமதி இப்போதே கேட்கிறாள். நீ தலைவி அவர்களுக்கு என்று எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன்.

போட்டி 20ஆம் தேதி. என் பேச்சில் ஒரு பகுதியை எழுதுகிறேன், எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று எழுது:

"தமக்கு எது தேவை என்பதைத் தொலைவில் இருந்து முடிவு செய்பவர்களைவிட அங்கேயே வாழ்பவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் எழுதப்பட்ட ஒரு விதியை, அவர்களால் தொடவே முடியாத உயரத்தில் வைப்பது நியாயமா?"

கைதட்டல் வரும் இடம் இது என்று ஆசிரியை சொன்னார்.

இங்கே எல்லாரும் நம் பனியனுக்கு அமெரிக்கா ஏற்றும் வரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அப்பா கட்டிங் மாஸ்டர், அவருக்கே ஓவர்டைம் இல்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டு, "ஏட்டி, ஒன் சட்டப் புத்தகத்துல இதுக்கு ஏதும் போட்டிருக்கா பாரு" என்கிறார். தேடிப் பார்த்தேன். வெளிநாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது.

அன்புடன்,
அபிராமி


பொங்கலூர்
16 ஆகஸ்ட் 2025

அபி,

கேட்டதைத் தருகிறேன். எதிர்க்கட்சி பேசுகிறது.

எல்லாம் மாநிலத்துக்கே என்றால், அந்த வரியைப் பற்றி அமெரிக்காவிடம் போய்ப் பேசுவது யார்? திருப்பூர் ஒரு வண்டி பிடித்துப் போகுமா? ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் பேரம் பேசினால் ஒன்றைவிட மற்றொன்று பனியனை விலை குறைத்துக் கொடுக்கும். சில காரியங்களுக்கு ஒரே குரல் வேண்டும். இதற்கு நீ மேடையில் பதில் சொல். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: ஒரே குரலில் பேசுகிறவர் கிளம்புவதற்கு முன், எந்த மெஷின் நின்றது என்று இங்கே கேட்டுவிட்டுப் போகட்டும்.

உன் பேச்சின் அந்தப் பகுதியைக் கிளைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் பெட்டி மூடியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வது.

பொங்கலூர்க் கிளையின் தீர்மானம் இத்துடன் இருக்கிறது. எந்த மொழிப் புத்தகமும் பெட்டியில் வரலாம். எங்களுக்கு வரும் புத்தகங்களை நாங்கள் தேர்ந்தெடுப்போம். ஆறாம் விதியை நீக்கவேண்டும். தீர்மானம் என்றால் கோரிக்கைதான் என்று நீயே எழுதியிருக்கிறாய், எனவே கோருகிறோம். முதலை மேல் இருந்த அம்பைக் கிழியாமல் உரித்து ஆறாம் விதியின் மேல் ஒட்டியிருக்கிறேன். அது அங்கேதான் இருக்கவேண்டும்.

ஒட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் ஐந்து விதிகள் நீல மையில் இருக்கின்றன. கீழே நம் இருவர் கையெழுத்தும் உண்டு. ஆறாவது கருப்பு மையில், ஜூன் மாதத் தேதியோடு. என் கையெழுத்து இல்லை. நான் போனபின் நீ தனியாக உட்கார்ந்து எழுதியது. ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் சொல்லமாட்டேன்.

அடுத்த பெட்டியில் பதில் வேண்டும். வராவிட்டால் உங்கள் புத்தகங்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பொங்கலூர் தனி வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு நீயும் நானும் எதைப் பற்றிக் கடிதம் எழுதுவோம் என்று எனக்குத் தெரியவில்லை.

மைதிலி


மண்ணரை
30 ஆகஸ்ட் 2025

மைதிலி,

போன சனிக்கிழமை டெம்போ வரவில்லை. ஆர்டர் நின்றுபோனதால் கம்பெனியில் நூல் இறக்கவில்லை. பதில் அனுப்பாமல் இருந்துவிட்டேன் என்று நீ நினைப்பாயே என்று வாரம் முழுக்கத் தவித்தேன். இரண்டாம் விதியை மீறி உன் அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நேற்று ஆரோக்கியராஜ் அண்ணனைத் தெருவில் பார்த்து, நாளைக்கு வண்டி உண்டா என்று ஓடிப்போய்க் கேட்டேன். "நூலு கொஞ்சமாத்தான் வருது. ஒன் பெட்டிய முன்னாடி சீட்டுலயே வச்சுக்கிடுதேன், போதுமா?" என்றார்.

முதலில் போட்டி. பேசி முடித்ததும் நடுவர் ஒருவர் கேட்டார், "திருத்தத்தைத் தொடங்கவே முடியாத மாநிலம் தீர்மானம் போட்டு என்னம்மா பயன்?" என் பையில் உங்கள் தீர்மானம் இருந்தது. "முடியாது என்று சொல்வதற்காவது அதைப் படித்தாகவேண்டும் ஐயா. படித்தவரால் படிக்காதவரைப்போல் இருக்கமுடியாது" என்றேன். இரண்டாம் பரிசு. ஒரு எவர்சில்வர் டப்பா. இதைப் பெட்டியில் வைத்து என்ன படிப்பது?

இப்போது கூட்டம். ஞாயிறன்று மாடிப்படியில் ஆறு பேரும் கூடினோம். தீர்மானத்தைப் படித்தேன். மதுமதிதான் முதலில் எழுந்தாள்.

"அவிங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கறதுன்னா, அப்பறம் தலைவின்னு நீ எதுக்கு? பெட்டி தூக்கவா?"

"ஆமா, பெட்டி தூக்கத்தான்" என்றேன்.

"எனக்கு ஒடியாவும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. முதலைப் புக்கு வந்தா நான் முதலையவே பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

சித்ராதேவி சொன்னாள், "மாடி வீட்டுல ரெண்டு புள்ளைக ஒடியாதான பேசுது. அதுகளக் கூப்பிட்டாப் படிச்சுச் சொல்லப் போகுது. நாம ஒரு வருசமா இந்தப் படியில உக்காந்திருக்கோம், ஒரு நாள் கூப்பிட்டமா?"

நானும் கூப்பிட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் எங்களைத் தாண்டித்தான் ஏறி இறங்குகிறார்கள். நாங்கள் காலை மடக்கி வழி விடுவோம், அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு. ஆறு பேரில் நான்கு கை வேண்டும். மூன்று கைகள் எழுந்தன. மதுமதியும் அவள் பக்கத்தில் இருந்தவளும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தலைவி வாக்களிக்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, முன்பே பார்த்துவைத்திருந்தேன். கை தூக்கினேன்.

"உன்ற பவரக் கொறைக்கறதுக்கு நீயே கை தூக்கறயா? லூசாடி நீ?" என்றாள் மதுமதி.

நிறைவேறியது. மூன்றாம் விதி: எந்த மொழிப் புத்தகமும் வரலாம், தருபவர் அல்லது படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குக் கதையைச் சொல்லவேண்டும். ஐந்தாம் விதி: அவரவர் புத்தகங்களை அவரவர் தேர்ந்தெடுக்கலாம். ஆறாம் விதி முழுவதும் நீக்கம். இனி மாற்றங்களை மண்ணரையும் தொடங்கலாம், பொங்கலூரும் தொடங்கலாம், இருவரும் ஒப்பவேண்டும். ஆகவே இவை நீங்கள் ஒப்புதல் தந்தால்தான் செல்லும். மதுமதி கடைசியில் எழுந்துபோய் மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள் என்பதையும் எழுதவேண்டும். முதலை வந்தால் படித்துச் சொல்வார்களா என்று கேட்கத்தான்.

மூடியில் அம்பைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், "யாருட்டி இதச் செக்கிங் பண்ணது? சரியான எடத்துலதான் ஒட்டியிருக்கா. தூக்கிப் போட்டுராத, ஆல்டருக்கு அனுப்பு." பிரித்துத் தைத்துச் சரிசெய்வதைத்தான் கம்பெனியில் அப்படிச் சொல்வார்கள்.

ஆறாம் விதி ஏன் என்று உனக்குத் தெரியும் என்றாய். நீ எதையாவது மாற்றாமல் இருக்கமாட்டாய். மாற்றவேண்டும் என்றால் மண்ணரைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு யாரைப் பற்றியும் நினைக்கவே இல்லை.

முதலைப் புத்தகத்தை ரஷ்மிதா தருவாளா என்று கேள். எவர்சில்வர் டப்பாவை அவளுக்கு அனுப்புகிறேன். அதில் எங்கேயும் அம்பு இல்லை.

அபிராமி


பொங்கலூர்
6 செப்டம்பர் 2025

அபி,

எங்கள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒரு வாரம் அரிசிப் பானைக்குள் கிடந்தது. நான் கோபத்தில் அணைத்துவைத்ததாக நீ நினைத்திருப்பாய். நினைத்தாய்தானே?

23ஆம் தேதி சனிக்கிழமை பெட்டி வராததும் புத்தகங்களையெல்லாம் கட்டிவைத்துவிட்டேன். கட்டிய கயிற்றைப் பிரித்தது ரஷ்மிதா. "வண்டியே வரல அக்கா, அந்தக்கா என்ன பண்ணும்?" என்றாள். அம்புக்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வந்தது அன்றுதான். டப்பாவில் இப்போது அவல் இருக்கிறது. முதலை பெட்டியில் இருக்கிறது. மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று உள்ளே ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறாள், அதை நீ படிக்கமுடியாது.

கிளைக் கூட்டத்தின் முடிவு:

மூன்றாம் விதித் திருத்தத்துக்கு ஒப்புதல். ஐந்துக்கும் ஒப்புதல். மாற்றங்களை இருவரும் தொடங்கலாம், இருவரும் ஒப்பவேண்டும் என்பதற்கும் ஒப்புதல்.

ஆறாம் விதியை முழுவதும் நீக்குவதற்கு மட்டும் ஒப்புதல் இல்லை.

நீக்கச் சொன்னதே நாங்கள்தான், முறைத்துப் பார்க்காதே, சொல்கிறேன். மண்ணரையில் நேரில் கூடவேண்டும் என்ற சொற்களை எடுக்க எங்களில் ஒருவரும் கை தூக்கவில்லை. "அப்போ நம்ம அங்க போகவே மாட்டமா?" என்று கேட்டார்கள். எனவே பொங்கலூர் தொடங்கும் முதல் திருத்தம் இது: வருடத்துக்கு ஒரு முறை, எல்லாரும், மண்ணரையில், நேரில். வாக்கெடுப்புக்காக இல்லை. இதைக் கருப்பு மையிலேயே எழுது. இந்த முறை என் கையெழுத்துக்கு இடம் விடு.

காலாண்டு விடுமுறையில் வருகிறோம். ரஷ்மிதாவின் அம்மாவுக்கு உங்கள் பக்கம்தான் தங்கை வீடு, அவர் கூட்டிவருகிறேன் என்றார். அப்பாவிடம் அவரே வந்து பேசினார். "அவிங்க கூடன்னா செரி" என்றுவிட்டார் அப்பா.

அம்பை மூடியில் இருந்து எடுத்துவிடாதே, ரஷ்மிதாவின் அம்மா பார்க்கவேண்டுமாம்.

விடுமுறையில் உங்கள் ஊரில் கோயில் கொடை எதுவும் இல்லையே? உன் அம்மாவிடம் கேட்டு எழுது.

மைதிலி